பாதிப் படியில் நின்ற பேச்சு

அகிரா குரோசாவா 1952-இல் எடுத்த ‘இகிரு’ என்ற ஜப்பானியப் படத்தைப் புகழ்கிறவர்கள், பனி பெய்யும் இரவில் கிழவர் ஊஞ்சலில் அமர்ந்து பாடும் காட்சியைத்தான் சொல்வார்கள். என் மனத்தில் நிற்பது வேறொரு காட்சி.

வாதனாபே நகரசபை அதிகாரி. மனைவி போனபின் மறுமணம் செய்துகொள்ளாமல் ஒரே மகனை வளர்த்தவர். வயிற்றில் புற்றுநோய். டாக்டர் அதை மறைத்து, ‘இலேசான புண்’ என்கிறார். இப்படித்தான் சொல்வார்கள் என்று பக்கத்து நோயாளி முன்பே விளக்கியிருந்ததால், கிழவருக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. அன்றிரவு வீட்டில் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். அவர் இருப்பது தெரியாமல், மகனும் மருமகளும் அவருடைய ஓய்வுப் பணத்தில் வீடு கட்டுவது பற்றிப் பேசிக்கொண்டு வருகிறார்கள். பிறகு மாடியிலிருந்து மகன் கூப்பிடுகிறான். கிழவர் பதறிப் படியேறுகிறார். பாதிப் படியில் இருக்கும்போது, கதவைத் தாழிடச் சொல்கிறான் மகன். அவ்வளவுதான்!

அப்புறம் அவர் உண்மையைச் சொல்கிறார்: மதுக்கடையில் கண்ட ஓர் எழுத்தாளனிடம், ஆபீஸ் வேலையை விட்டுப் போன ஓர் இளம்பெண்ணிடம். மகனிடம் ஒருமுறை வாயெடுக்கிறார். அவனோ சொத்துப் பேச்சை எடுக்கிறான்.

மகனைக் கல்நெஞ்சன் என்று தள்ளிவிடுவது சுலபம். எனக்கு அதில் சம்மதமில்லை. டால்ஸ்டாய் 1886-இல் வெளியிட்ட ‘இவான் இலியிச்சின் மரணம்’ கதையில், சுற்றியிருப்பவர்கள் பேசும் பொய் நோயாளியை வதைக்கிறது. இங்கே மறைப்பவர் நோயாளியே. தெரியாதவன் எப்படித் துக்கப்படுவான்?

என் பெரியப்பா தம் எக்ஸ்ரே படத்தைப் பெட்டியில் வேஷ்டிகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். பெண்ணின் கல்யாணம் முடியட்டும் என்று எண்ணம். நாங்கள் அவரைப் பந்திக்குப் பந்தி ஓட விட்டோம். எங்களைக் காப்பாற்றியதாகவே அவர் நினைத்திருப்பார். அந்தக் கல்யாணச் சாப்பாடு இன்றும் எங்கள் தொண்டையில் நிற்கிறது.

துக்க வீட்டில் வாதனாபேயின் மகன், தெரிந்திருந்தும் அப்பா ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று குமுறுகிறான். வந்தவர்களோ கிழவர் முயன்று அமைத்த குழந்தைகள் பூங்காவைப் பற்றியே பேசுகிறார்கள். படமும் அவர்கள் பக்கம் திரும்பிவிடுகிறது. இந்த மேதை அந்த மகனருகில் இன்னும் சற்று நின்றிருக்கலாம். ஊருக்குப் பூங்கா கிடைத்தது. அவனுக்கு மிஞ்சியது அந்தக் கேள்வி மட்டுமே.