சிங்க் பொத்தானைத் தொடும் முன்

பொழுதுபோக்காக டிஜேயிங் பழக வருபவரின் முதல் கேள்வி, எந்தக் கன்ட்ரோலர் வாங்கலாம் என்பது. எதை வாங்கினாலும் சரி, அதிலுள்ள சிங்க் பொத்தானைக் கொஞ்ச நாள் தொடாமல் இருப்பது நல்லது. இந்தக் கலை காதில் இருக்கிறது. இரண்டு பாட்டின் வேகத்தையும் பொத்தானே இணைத்துவிட்டால் காதுக்கு வேலையில்லை. 1970 வாக்கில் நியூயார்க்கின் சாங்ச்சுவரி கிளப்பில் ஃபிரான்சிஸ் கிராசோ என்ற டிஜே, ஷிகாகோ குழுவின் ‘ஐ ஆம் எ மேன்’ தாளத்தின் மேல் லெட் செப்பெலினின் ‘ஹோல் லாட்டா லவ்’ பாட்டை ஏற்றி ஓட்டினார். இரண்டிலும் டிரம்ஸ் ஆள் உட்கார்ந்து அடித்தது. வேகம் ஒரே சீராக நிற்காது. நழுவ நழுவ இழுத்துப் பிடித்தவை அவருடைய காதும் விரலும்தான்.

தாளம் சேர்க்கும் வேலை இதுதான்: ஒரு காதில் ஹெட்போன் வழியே அடுத்த பாட்டு, மறு காதில் அறையில் ஓடும் பாட்டு. நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டோடு 124 அடிப் பாட்டைச் சேர்க்க, பின்னதை 3.2 சதவீதம் போலக் குறைக்க வேண்டும். 1979இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிளின் பிட்ச் ஸ்லைடர் 8 சதவீதம் வரை கூட்டவும் குறைக்கவும் இடம் கொடுத்தது. இன்றைய மலிவுக் கன்ட்ரோலரிலும் அப்படியொரு ஸ்லைடர் உண்டு. விலகி நிற்கும் இரண்டு கிக் டிரம்மும் ‘தடக் தடக்’ என்று இரட்டையாய்க் கேட்கும். நெருங்க நெருங்க இடைவெளி சுருங்கி, கடைசியில் கனமான ஒரே ‘தும்’. வேகம் சேர்ந்தாலும், நடனப் பாட்டுகளில் பெரும்பாலும் 32 அடிக்கொரு முறை வரும் திருப்பம் சேராவிட்டால், ஒருவர் பாடிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் குறுக்கே நுழைவார்.

சிங்க் போட்டால் பாட்டைத் தேர்ந்தெடுக்க நேரம் மிஞ்சுமே என்பார்கள். நியாயம்தான், மேடையில் ஓட்டுபவர்களே அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் வாத்தியக்காரர்கள் கூடி உட்கார்ந்து வாசித்த பழைய டிஸ்கோவிலும் நம் பழைய சினிமாப் பாட்டுகளிலும் மென்பொருள் போடும் தாளக் கட்டம் அடிக்கடி தவறும். அப்போது காதைத்தான் நம்ப வேண்டும். இதைவிடக் கனமான மறுப்பு டிஜே கூல் ஹெர்க். 1973இல் பிராங்க்ஸில் பார்ட்டி நடத்தத் தொடங்கிய அவர், தாளம் துல்லியமாகச் சேர்கிறதா என்று கவலைப்படவில்லை. ஆடுபவர்கள் எந்தச் சில நொடிகளுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று பார்த்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து அந்த நொடிகளையே நீட்டினார். சரி, ஆனால் அவருக்கு முன்னால் கூட்டம் இருந்தது. வீட்டு அறையில் பழகுபவருக்கு இருப்பது பாட்டு மட்டுமே. தாளம் சேர்ப்பதற்காக அதே 32 அடியைத் திரும்பத் திரும்பக் கேட்கும்போதுதான் பேஸ் எங்கே விலகுகிறது, பாடகர் எங்கே மூச்சு வாங்குகிறார், அடுத்த பாட்டு நுழைய எங்கே இடம் விட்டிருக்கிறது என்பதெல்லாம் பிடிபடும்.