அக்குபிரஷர்: விரலுக்கு எட்டுவதும் எட்டாததும்

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு மேலேறினால் வெள்ளிமலை வரை வளைவுக்கு மேல் வளைவு. குமட்டல் தாங்காதவர்கள் எலுமிச்சம்பழத்தை முகர்வார்கள். அக்குபிரஷர் பழகியவர்கள் மணிக்கட்டை அழுத்தச் சொல்வார்கள். வீட்டில் நாமே செய்துகொள்ளும் அக்குபிரஷரை எடைபோட அந்த மணிக்கட்டிலிருந்தே தொடங்கலாம். இந்த முறையில் மிக அதிகமாகச் சோதிக்கப்பட்ட புள்ளிகளில் ஒன்று அங்கேதான் இருக்கிறது.

உள்ளங்கையைத் திருப்பி, மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கைப் பக்கமாக உங்களுடைய மூன்று விரல் அகலம் தள்ளிப் பாருங்கள். கையை இறுக்கி மூடினால் துருத்தும் இரண்டு தசைநாண்களுக்கு நடுவே உள்ள பள்ளம் அது. சீனர்கள் நெய்குவான் என்பார்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டல், வாந்திக்கு இந்த இடத்தைத் தூண்டுவது பற்றி 2015-இல் காக்ரேன் அமைப்பு 59 சோதனைகளை, 7,667 பேரை வைத்து அலசியது. போலித் தூண்டுதலைவிட இது நன்றாகவே வேலை செய்தது; வாந்தி மருந்துகளுக்கும் ஏறக்குறைய ஈடு கொடுத்தது. ஆனால் அந்தச் சோதனைகளில் ஊசியும் மின்தூண்டலும் மணிக்கட்டில் கட்டும் பட்டையும் கலந்திருந்தன. பயணக் குமட்டலுக்கு ஆய்வகத்தில் கிடைத்த முடிவுகளோ ஒன்றுக்கொன்று முரண்பட்டவை. பேருந்தில் அழுத்திப் பாருங்கள், கேட்டால் நல்லது என்பதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன்.

மாதவிலக்கு வலிக்குக் கிடைத்த சான்று வீட்டுப் பழக்கத்துக்கு இன்னும் நெருக்கமானது. பெர்லினில் 221 இளம்பெண்களில் ஒரு பகுதியினர் கைபேசிச் செயலி காட்டியபடி தாங்களே அழுத்திக்கொண்டார்கள்; மற்றவர்கள் வழக்கமான கவனிப்போடு இருந்தார்கள். ஆறாவது மாதவிலக்கில் வலி பாதியாகக் குறைந்தவர்கள், அழுத்திக்கொண்டவர்களில் 58 சதவீதம். மற்றவர்களில் 24 சதவீதம். 2018-இல் வெளியான இந்த ஆய்வில் ஒரு குறை உண்டு: போலிப் புள்ளியை அழுத்தும் குழு இல்லை.

அது சின்னக் குறை அல்ல. ஜெர்மனியில் 1,162 முதுகுவலிக்காரர்களிடம் அக்குபஞ்சர் ஊசி வைத்துச் சோதித்து, முடிவை 2007-இல் வெளியிட்டார்கள். சரியான புள்ளியில் குத்தியபோது 47.6 சதவீதம் பேர் தேறினார்கள். புள்ளியே இல்லாத இடத்தில் மேலாகக் குத்தியபோதும் 44.2 சதவீதம் பேர். வழக்கமான சிகிச்சையில் 27.4 தான். ஆக, பலன் மெய். புள்ளிக் கணக்குத்தான் சந்தேகம். பாதத்தில் கல்லீரல், கணையம் என்று இடம் பிரித்து விற்கும் படங்களை நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

வலி குறைந்தால் போதாதா, காரணம் எதற்கு என்று கேட்கலாம். வலிக்கும் குமட்டலுக்கும் போதும். அங்கே நம் உணர்வுதான் அளவுகோல். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அப்படியல்ல. அவை ஏறுவது பெரும்பாலும் உடம்புக்குத் தெரியாது. அழுத்தியபின் வரும் சுகம் அங்கே எதையும் நிரூபிக்காது. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வந்து கொடுக்கும் மாத்திரையை, விரலை நம்பி நிறுத்துவது பெரிய ஆபத்து. மருந்தே நஞ்சு என்று பேசுகிறவர்களை இந்த இடத்தில் நான் கடுமையாகவே மறுக்கிறேன். 2018-இல் திருப்பூரில் வீட்டுப் பிரசவத்தில் ஒரு தாய் இறந்த சில நாட்களிலேயே, வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி என்று விளம்பரம் செய்த ஒரு ஹீலர் கோவையில் கைதானார். விரலில் தொடங்கும் நம்பிக்கை அதுவரை போகக்கூடும்.

வெள்ளிமலை இருக்கும் கல்வராயன் மலையில் இந்த நம்பிக்கையின் விலை இன்னும் கூடுதல். நெஞ்சு இறுகி இடது கை வலிக்கும்போது சுண்டு விரலை அழுத்திக் கால் மணி நேரம் பார்ப்போம் என்றால், கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இறங்கும் நேரத்தோடு அந்தக் கால் மணியும் சேர்கிறது. 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் உள்ளிட்ட முதல் மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். 108-ஐ அழைத்துவிட்டு அங்கேதான் ஓட வேண்டும்.

என் தீர்ப்பு: தலைபாரம், மாதவிலக்கு வலி, குமட்டல், அசதி இவற்றுக்கு வீட்டில் தாராளமாக அழுத்திக்கொள்ளலாம், காசு இல்லை, கெடுதலும் மிகக் குறைவு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள புள்ளியைக் கர்ப்பிணிகள் தவிர்க்கும்படி இந்த முறையின் நூல்களே சொல்கின்றன. அதைக் கேட்பது நல்லது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் பிசையவே கூடாது. இரத்தக் கட்டியாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.