பாலும் தண்ணீரும்: ஓர் ஓவியம், ஓர் ஒப்பந்தம்

லாரா நைட் 1943இல் வரைந்த ஓவியம் ஒன்றின் அச்சுப்படி நண்பர் ஒருவரின் அறைச்சுவரில் தொங்குகிறது. தலையில் கூந்தல்வலை போட்ட ரூபி லோஃப்டஸ் என்ற இளம்பெண் லேத் மீது குனிந்து நிற்கிறாள். இடம், வேல்ஸின் நியூபோர்ட்டில் இருந்த அரசு ஆயுதத் தொழிற்சாலை. போஃபர்ஸ் விமான எதிர்ப்புப் பீரங்கியின் பின்பக்கத்தில் பொருந்தும் வளையத்துக்கு அவள் மரை வெட்டுகிறாள். “என்ன கம்பீரம் பாருங்க, விடுதலைன்னா இதுதான்” என்றார் நண்பர். என்னால் அவ்வளவு சுலபமாகத் தலையாட்ட முடியவில்லை.

ஓவியத்துக்கு உரியதை முதலில் கொடுத்துவிடலாம். பார்க்கப்படுவதற்காகவே பெண்ணுடலைக் கிடத்திய ஐரோப்பிய மரபை இது மீறுகிறது. ரூபி நம்மைப் பார்ப்பதில்லை, அவள் கவனமெல்லாம் வேலையில். லேத் பட்டறைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், உள்மரை வெட்டும்போது கருவி உலோகத்துக்குள்ளே மறைஞ்சிடும், கண்ணைவிடக் கைதான் பார்க்கணும். மயிரிழை பிசகினாலும் வளையம் வீண். எட்டொன்பது வருடப் பயிற்சி வேண்டுமெனக் கருதப்பட்ட இந்த வேலையை ரூபி குறுகிய காலத்தில் கற்றுக்கொண்டாள்.

ஆனால் இது அரசு கேட்டு வரையப்பட்ட படம். 20 முதல் 30 வயதுவரை உள்ள மணமாகாத பெண்களைப் போர்ப்பணிக்குக் கட்டாயமாக அழைக்கும் சட்டத்தை பிரிட்டன் 1941 டிசம்பரில் கொண்டுவந்திருந்தது. அந்தப் பெருங்கதையாடலின் நாயகி ரூபி. ஒருத்தியை ‘அபூர்வம்’ என்று தூக்கிப் பிடிப்பதிலேயே மற்றவர்களின் வேலை ‘சாதாரணம்’ ஆகிவிடுகிறது.

ஓவியத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டிய இன்னொரு பிரதி உண்டு. பொறியியல் முதலாளிகளும் தொழிற்சங்கமும் 1940 மே மாதம் செய்துகொண்ட ஒப்பந்தம். தேர்ந்த ஆண்களின் வேலையில் பெண்களையும் பயிற்சியற்றவர்களையும் சேர்ப்பதற்கு முதல் உலகப்போர்க் காலத்திலேயே ‘டைலூஷன்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். நீர்க்கச் செய்தல். அதாவது ஆணின் திறன் பால், பெண் அதில் ஊற்றும் தண்ணீர். (தமிழில் ‘பால்’ என்பதற்கு உள்ள இன்னொரு பொருளும் இங்கே பொருந்திப்போகிறது.)

ஒப்பந்தம் என்ன சொல்கிறது? ஆண் செய்துவந்த வேலையைச் செய்யும் பெண்ணுக்கு 32 வாரம் கழித்து ஆணின் முழுக்கூலி, கூடுதல் மேற்பார்வையோ உதவியோ இல்லாமல் அவள் அதைச் செய்தால். சூட்சுமம் இந்த ‘செய்தால்’ என்பதில் இருக்கிறது. “மெஷினை செட் பண்ணிக் கொடுத்தது யாரு?” என்ற ஒரே கேள்வி போதும், கூலியைக் குறைக்க. செட்டரின் உதவி ஆணுக்குக் கிடைத்தால் அது வேலைப் பிரிவினை. பெண்ணுக்குக் கிடைத்தால் அது திறமைக் குறைவு. ஆக, திறன் என்பது கையில் இருப்பதல்ல, கைக்குச் சூட்டப்படும் பெயர்.

சங்கத்தை மட்டும் வில்லனாக்கிவிட முடியாது. மலிவான உழைப்பைக் காட்டி எல்லோர் கூலியையும் முதலாளி இறக்குவான் என்ற பயம் பொய்யல்ல. ஆனால் அதற்குச் சங்கம் கண்ட தீர்வு, 1943 ஜனவரிவரை பெண்களை உறுப்பினராகச் சேர்க்காமல் இருந்ததுதான். போர் முடிந்ததும் பழைய தொழில் வழக்கங்கள் திரும்பிவரும் என்று 1942லேயே தனிச்சட்டம் உறுதியளித்திருந்தது. ரூபிகள் வரும்போதே தற்காலிகமாகத்தான் வந்தார்கள்.

இந்தப் பிரதியை முதலில் கட்டுடைத்தவர்கள் விமர்சகர்கள் அல்ல. கிளாஸ்கோவை அடுத்த ஹில்லிங்டனில் விமான எஞ்சின் செய்த ரோல்ஸ்ராய்ஸ் தொழிற்சாலைப் பெண்கள் 1943 அக்டோபர் இறுதியில் வேலையை நிறுத்தினார்கள். ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். முடிவில் எந்திரங்கள் பெயர்பெயராகப் பட்டியலிடப்பட்டன. இயக்குவது ஆணா பெண்ணா என்று பாராமல் எந்திரத்துக்கே கூலி! ‘உதவி இல்லாமல்’ என்ற நிபந்தனை நுழைய அங்கே இடமில்லை.

ஆனாலும் கதை முடியவில்லை. டாகன்ஹாமின் ஃபோர்டு ஆலையில் கார் இருக்கை உறை தைத்த பெண்கள் 1968இல் வேலைநிறுத்தம் செய்ததும் தங்கள் வேலை குறைந்த திறனாக வகைப்படுத்தப்பட்டதை எதிர்த்துத்தான். சமஊதியச் சட்டம் 1970இல் வந்துவிட்டது. அவர்கள் கேட்ட திறன் தரம் கிடைக்க 1984 ஆயிற்று.

சாதனைப் பெண்களைப் பட்டியலிடும் நம்முடைய வாசிப்பு, அந்த அரசு ஓவியத்தின் தர்க்கத்தையே தொடர்கிறது என்பதுதான் என் சங்கடம். நண்பரிடம் படத்தை எடுக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் அந்த எந்திரப் பட்டியலுக்கும் கொஞ்சம் இடம் விடுங்க என்று மட்டும் சொன்னேன்.