காரணம் கூறாத் தீர்ப்பு

பரோல் என்பது பிரெஞ்சு மொழிச் சொல். சொல், வாக்கு என்பன அதன் பொருள். மீண்டும் படைக்கலம் ஏந்தேன் என்று போர்க்கைதி வாக்களிக்க, அதனை நம்பி அவனை விடுவித்த பழைய வழக்கின் வழியே இச்சொல் சிறைத்துறைக்கு வந்தது. கைதி தன் வாக்கைத் தருகின்றான். அவ்வாக்கை எடைபோடும் வாரியம் தன் முடிவுக்குரிய காரணத்தைச் சொல்ல வேண்டாமா? இவ்வினாவுக்கு இங்கிலாந்து விடை காண அரை நூற்றாண்டு ஆயிற்று.

1967ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம் இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் பரோல் வாரியத்தை வகுத்தது. அன்று அஃது அறிவுரை கூறும் குழுவே. விடுவிக்கும் அதிகாரம் உள்துறை அமைச்சரிடம் இருந்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் தீர்ப்புகள் பலவற்றின் பின்னர், ஆயுள் கைதிகளை விடுவிக்கும் அதிகாரம் படிப்படியாக வாரியத்தைச் சேர்ந்தது. அதிகாரம் நீதிமன்றத்துக்குரியதாயிற்று; நடைமுறையோ அலுவலகத்துக்குரியதாகவே நின்றது.

முதற் குறை, கேளாமை. கைதியை நேரிற் காணாது கோப்பைக் கண்டே முடிவு செய்தல் பெருகியது. ஆசுபோர்ன் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் இதனைக் கடிந்தது. காலமும் செலவும் மிச்சமாகும் என்பதற்காக நேர் விசாரணையை மறுத்தலாகாது. தன் வாழ்வைப் பற்றிய முடிவில் தானும் பேச இடம்பெறுதல் மனிதனுக்குரிய மதிப்பு என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இரண்டாங் குறை, ஆராயாமை. பெண்கள் பலருக்குத் தீங்கிழைத்து 2009இல் தண்டனை பெற்ற இலண்டன் வாடகை வண்டி ஓட்டுநர் வோர்பாய்சை விடுவிக்க, 2017ஆம் ஆண்டிறுதியில் வாரியம் முடிவு செய்தது. பாதிக்கப்பட்ட பெண்கள் இருவர் வழக்குத் தொடுத்தனர். அவன் கூறிய கதையை, பிற பெண்களின் குற்றச்சாட்டுகளோடு ஒப்பிட்டு வாரியம் துருவவில்லை எனக் கண்ட உயர் நீதிமன்றம், 2018 மார்ச்சில் அம்முடிவை நீக்கியது.

மூன்றாங் குறை, கூறாமை. வாரியத்தின் நடவடிக்கைகளை வெளியிடுவதை அடியோடு தடுத்த விதி சட்டத்துக்கு முரண் என்றும் அத்தீர்ப்பு உரைத்தது. அதன் பின்னரே, முடிவின் சுருக்கத்தைக் கேட்டுப் பெறும் வழி பிறந்தது.

காரணங்களை வெளியிட்டால் மக்கள் சினம் வாரியத்தை வளைத்துவிடும் என்பர் சிலர். இக்கூற்று பொருந்தாது. காரணம் மறைந்திருந்தபோதே சினம் மூண்டது. கைதியின் அந்தரங்கம் அனைத்தையும் அம்பலப்படுத்த வேண்டுவதில்லை. பொதுமக்களின் பாதுகாப்புக்கு அவன் இனியும் சிறையில் இருத்தல் வேண்டுமா என்ற வினாவுக்கு எவ்வாறு விடை கண்டனர் எனக் கூறினால் போதும்.

வாரியத்தை வளைக்கும் கை வேறு. தீர்ப்பு வந்த நாட்களில் நீதித்துறை அமைச்சரின் நெருக்குதலால் வாரியத் தலைவர் பதவி துறந்தார். முடிவு பிழையெனின் திருத்த நீதிமன்றம் இருக்கின்றது. அது திருத்தவும் செய்தது. அமைச்சர் தலைவரை நீக்கத் தொடங்கினால், அடுத்து வரும் உறுப்பினர் கோப்பை நோக்கார். அமைச்சரின் முகத்தையே நோக்குவார். உறுப்பினரின் பதவிக்கால விதிகள் அவர்தம் சார்பின்மைக்குப் போதுமான காப்பு அல்ல என அதே ஆண்டில் உயர் நீதிமன்றம் உரைத்ததும் இக்கருத்தை வலியுறுத்தும்.

கேட்டல், ஆராய்தல், காரணம் கூறல் ஆகிய மூன்றும் வாரியத்தின் கடன். அக்கடனை அச்சமின்றி ஆற்றவிடுதல் அரசின் கடன். பின்னது தவறின் முன்னவை மூன்றும் நில்லா.