அத்திப்பட்டின் காற்றும் அளவீடுகள் மீதான ஐயமும்

ஒரு கூற்று எந்த அளவீட்டின் மீது நிற்கிறது, அந்த அளவீடு எங்கே, எப்போது, எவரால் எடுக்கப்பட்டது என்று கேட்டு, கிடைக்கும் விடையின் வலுவுக்கு ஏற்ப மட்டும் நம்பிக்கை வைப்பதை அறிவியல் ஐயவாதம் எனலாம். வட சென்னை அனல் மின் நிலையம், வல்லூர் அனல் மின் நிலையம், காமராஜர் துறைமுகம் ஆகியவை நெருங்கி நிற்கும் அத்திப்பட்டு–எண்ணூர் வட்டாரத்தில், ஊர் மக்களும் சூழலியல் குழுக்களும் சேர்ந்து காற்றையும் நீரையும் சாம்பலையும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் வழக்கமாக இந்த ஐயம் செயல்வடிவம் பெற்றிருக்கிறது. தமிழகத்தில் இதற்கு முன்னோடி, 2004இல் கடலூர் சிப்காட் பகுதி மக்கள் மேற்கொண்ட காற்றுக் கண்காணிப்பு ஆகும். மூடிய வாளிக்குள் ஒரு பையைப் பொருத்தி, வாளியின் காற்றை வெளியேற்றினால் வெளிக்காற்று பைக்குள் புகுந்து நிறையும் என்ற எளிய முறையே அங்கு போதுமானதாக இருந்தது.

இவ்வழக்கத்தின் தேவையை 2017 ஜனவரி 28 அன்று நடந்த விபத்து தெளிவாகக் காட்டியது. காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்னும் இரு கப்பல்கள் மோதியபோது, எண்ணெய் மாசு போன்ற சூழல் பாதிப்பு எதுவும் இல்லை என்று துறைமுகம் முதலில் அறிவித்தது. ஆனால் அடுத்த சில நாள்களில் எர்ணாவூர்க் கரையில் மீனவர்களும் தன்னார்வலர்களும் மாணவர்களும் எண்ணெய்ச் சேற்றை வாளிகளில் அள்ளிக்கொண்டிருந்தனர். அறிவிப்பு பொய்யென்று தெரிந்தே வெளியிடப்பட்டதா என்பதைவிட முக்கியமான கேள்வி, எதையும் அளப்பதற்கு முன்பே 'பாதிப்பு இல்லை' என்று எப்படிச் சொல்ல முடிந்தது என்பதே. அளக்கவில்லை என்பது ஓர் உண்மை நிலை. பாதிப்பு இல்லை என்பது சான்று தேவைப்படும் முடிவு. முன்னதைப் பின்னதாக மாற்றிச் சொல்வதே தொழிற்பகுதிகளில் மிகுதியாகப் புழங்கும் தவறான தகவல்.

முறைப்படி எடுக்கப்பட்ட அளவீடும் சிலவற்றை மறைக்கக்கூடும். 2.5 மைக்ரான் அளவுக்கு உட்பட்ட நுண்துகளுக்கு இந்தியா 2009இல் வகுத்த வரம்பு, ஒரு கனமீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம். அது 24 மணி நேரச் சராசரி. நாளின் 23 மணி நேரம் 35 ஆக இருந்து, நள்ளிரவில் ஒரு மணி நேரம் மட்டும் 600ஆக உயரும் காற்றின் சராசரி ஏறத்தாழ 58.5 தான். அந்த ஒரு மணி நேரத்தில் ஆஸ்துமா நோயாளி பட்ட துன்பம் அறிக்கையில் வரம்புக்கு உட்பட்ட நாளாகவே பதிவாகும். அந்த நேரத்தில், அந்தத் தெருவில் இருப்பவரே மாதிரி எடுக்கும்போது இந்த மறைப்பு விலகுகிறது.

ஆனால் இதே கணக்கு மக்கள் முறைக்கு எதிராகவும் திரும்பும். நாற்றம் மிகுந்த நேரத்தில் எடுத்த ஒரு மாதிரி உச்சத்தைக் காட்டுமே ஒழிய அந்த ஊரின் வழக்கமான காற்றைக் காட்டாது. அதை 24 மணி நேர வரம்போடு ஒப்பிட்டு 'பத்து மடங்கு நச்சு' என்று தலைப்பிடுவது, எவ்வளவு நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டாலும், பிழையே. இப்பிழையைப் போராடுவோர் மட்டும் செய்வதில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி, எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் கோரமண்டல் இண்டர்நேஷனல் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பலர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டபோது, ஆலை வாயிலருகே 400 இருக்க வேண்டிய இடத்தில் 2,090 மைக்ரோகிராம் இருந்ததாகத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தெரிவித்தது. அந்த 400 என்பதும் 24 மணி நேர வரம்பு. கசிவு நடந்த மறுநாளே வெளியான 2,090 அத்தகைய சராசரியாக இருக்க முடியாது. மேலும், 2,090 மைக்ரோகிராம் என்பது காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 3 பங்கு. தொழிற்கூடங்களில் 8 மணி நேரப் பணிக்குப் பரவலாக ஏற்கப்படும் வரம்போ 25 பங்கு. ஊரையே மூச்சுத்திணறச் செய்த அளவு இதைவிட மிகப் பெரிதாக இருந்திருக்க வேண்டும். உச்சம் கருவி வருவதற்கு முன்பே கடந்திருக்கும், அல்லது கருவி நின்ற இடத்தில் இல்லாதிருக்கும். 'ஐந்து மடங்கு' என்ற செய்தி மிகைபோல் ஒலித்தாலும், நடந்ததை உண்மையில் குறைத்தே காட்டியது என்பதை ஐயத்தோடு வாசிப்பவரே கண்டுகொள்ள முடியும்.

எனவே மக்கள் மாதிரிகளைக் கைவிடுவது தீர்வாகாது. அவற்றின் ஒழுங்கைக் கூட்ட வேண்டும். நேரம், காற்றின் திசை, எடுத்தவர், ஆய்வகம் சேரும்வரை பை கைமாறிய விவரம் ஆகியவை பதிவாக வேண்டும். பையே கலப்படமாகாததை உறுதிசெய்ய, தூய காற்று நிரப்பிய வெற்று மாதிரி ஒன்றும் உடன் செல்ல வேண்டும். எல்லாவற்றிலும் கடினமானது, குறைவான அளவு காட்டிய மாதிரிகளையும் வெளியிடுவது. தீயனவற்றை மட்டும் தேர்ந்து வெளியிடும் குழு, தனக்குச் சாதகமான நாள்களை மட்டும் காட்டும் ஆலையின் வழியிலேயே செல்கிறது.

ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கும் இக்குறை, நோய் பற்றிய கூற்றுகளில் இன்னும் ஆழமானது. அனல் மின் நிலையத்தின் சாம்பல் குட்டையை ஒட்டிய செப்பாக்கத்தில் இருமலும் தோல் அரிப்பும் மிகுதி என்று சொல்வதற்கு, அங்குள்ள நோயாளிகளை எண்ணினால் மட்டும் போதாது. வயதும் தொழிலும் வருமானமும் புகைப் பழக்கமும் ஒத்த, ஆனால் சாம்பல் படியாத வேறொரு ஊரிலும் அதே கேள்விகளைக் கேட்டு ஒப்பிட வேண்டும். பழவேற்காட்டுக்கு வடக்கே உள்ள ஊர்களில் அத்தகைய ஒப்பீட்டுக்கு இடம் உண்டு. பல நூறு வீடுகளில் பல ஆண்டுகள் தொடர வேண்டிய அந்த வேலையைச் செய்யும் ஆளும் பணமும் மருத்துவப் பதிவேடுகளும் பொதுச் சுகாதாரத் துறையிடம் இருக்கின்றன, வாளி ஏந்திய மக்களிடம் இல்லை. சான்று போதவில்லை என்று அவர்களிடம் சொல்லும் உரிமை, அச்சான்றைத் திரட்டும் கடமையை அரசு ஏற்ற பிறகே அதற்குக் கிட்டும்.