முதலில் பாட்டியைக் கேளுங்கள்

கோடம்பாக்கம் பாலம் இறங்கி ஆற்காடு சாலையில் வடபழனி நோக்கிப் போனால், ஒரு காலத்தில் வழியெல்லாம் ஸ்டுடியோ. 1972இல் ஸ்டுடியோ அதிபர் பி. நாகிரெட்டி அங்கே விஜயா மருத்துவமனையைத் தொடங்கினார். இன்று ஷூட்டிங் தளங்கள் சுருங்கி, ஸ்கேன் சென்டர்களும் நர்சிங் ஹோம்களும் பெருகிவிட்டன. கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் சிகிச்சைக்காகச் சென்னை வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்குப் புதிதாகப் படுவது, இங்கே நோயாளியோடு ஒருவர் ராப்பகலாக இருந்தே ஆகவேண்டும் என்பது. படுக்கை ஒதுக்கியதும் நர்ஸ் கேட்பது: “அட்டெண்டர் யாரு?”

அதற்குப் பிறகு வார்டில் நடக்கும் பேச்சையெல்லாம் அந்தக் கேள்விதான் தீர்மானிக்கிறது என்பேன். “பாட்டி மோஷன் போனாங்களா? நைட் தூங்கினாங்களா?” எல்லாம் அட்டெண்டரான மகளிடம். பாட்டி விழித்துக்கொண்டுதான் படுத்திருப்பார், காதும் நன்றாகவே கேட்கும். ராத்திரி மருமகளை விட்டுவிட்டு வீட்டுக்குப் போன மகள் இப்போதுதான் வந்திருப்பார். உத்தேசமாக ஏதோ சொல்வார். அது கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். பாட்டியிடம் நேராகப் பேசுவதோ பெரும்பாலும் ஏவல், இல்லாவிட்டால் செல்லக் கண்டிப்பு: “கை நீட்டுங்க பாட்டி”, “சொன்னா கேக்கணும்ல?” இதில் அன்பில்லை என்று சொல்லமாட்டேன். உறவு சொல்லிக் கூப்பிட்டாலே பாதி பயம் போய்விடும். ஆனால் அவர் முப்பது வருஷம் கணக்குப் பாடம் நடத்திய டீச்சராக இருக்கலாம்; தன் உடம்பைப் பற்றி அவருக்கே தெளிவாகச் சொல்லத் தெரியும்.

பணமும் குறுக்கே வருகிறது. “இதை பார்மசியில வாங்கிட்டு வாங்க”, “அட்வான்ஸ் கட்டச் சொல்லி பில்லிங்லேருந்து கேக்கறாங்க” போன்ற தகவல்கள் தனியார் மருத்துவமனைகளில் பலசமயம் நர்ஸ் வாய்வழியாகத்தான் வருகின்றன. காசு கேட்ட முகத்திடமே “பயமா இருக்கு சிஸ்டர்” என்று சொல்ல யாருக்கு நா எழும்? நம் அரசு மருத்துவமனையில் பெரும்பாலும் பில் கிடையாது. அட்டெண்டர் மட்டும் அங்கேயும் உண்டு.

இலங்கையின் அரசாங்க ஆஸ்பத்திரியிலும் சிகிச்சை இலவசம். ஆனால் அங்கே பார்வை நேரம் முடிந்தால் உறவுக்காரர் வெளியே போய்விட வேண்டும். இரவில் துணைக்கு ஆள் நிற்பது விதிவிலக்குத்தான். ஆகவே “அம்மா, நோகுதோ? சாப்பிட்டீங்களோ?” என்று நோயாளியைத்தான் கேட்டாக வேண்டும், வேறு ஆளில்லை. சிகிச்சை விவரம் எழுதும் கிளினிக் கொப்பியும் (நோட்டு) நோயாளி கையிலேயே இருக்கும். அதற்காக அங்கே எல்லாம் மேல் என்று கொண்டாட முடியாது. நீளமான பொது வார்டில் கட்டிலுக்குக் கட்டில் நெருக்கம். கூச்சப்பட்டுச் சொல்ல வேண்டிய பதிலை அடுத்த கட்டில்காரரும் கேட்பார். வெளியே நிற்கும் மகனுக்கோ விவரம் எளிதில் எட்டாது. சென்னையிலோ, பாட்டிக்கு இன்சுலின் ஊசி போடவும் கட்டு மாற்றவும் மகளுக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுக்க நம் நர்ஸுகளுக்கு வாய்ப்புக் கிடைப்பது, எப்போதும் பக்கத்திலேயே இருக்கும் அந்த அட்டெண்டரால்தான்.

மொழி விஷயத்தில் இலங்கையின் காயம் ஆழமானது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனாலும் கொழும்பிலும் மலையகத்திலும் சிங்களம் மட்டும் தெரிந்த தாதியின் முன்னால் தமிழ் மட்டும் தெரிந்த நோயாளி நிற்கும் நிலை தீர்ந்தபாடில்லை. இரண்டும் தெரிந்த யாரோ ஒரு பக்கத்துக் கட்டில்காரர் மொழிபெயர்ப்பாளர் ஆகிறார். 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவத்தையே தமிழில் கற்பித்த தீவு அது! சென்னையில் கேரளத்து நர்ஸுகளின் மலையாள வாடைத் தமிழ் நமக்குப் பழகிவிட்டது. ஆனால் யாழ்ப்பாணத்து அம்மா வாந்தியை “சத்தி” என்று சொன்னால் தமிழ் நர்ஸே விழிப்பார்.

நோயாளியிடம் நேராகப் பேசுவது ஏன் முக்கியம்? ஹில்டகார்ட் பெப்லாவ் என்ற அமெரிக்க நர்ஸ் 1952இல் வெளியிட்ட புத்தகம், நர்ஸுக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவையே செவிலியப் பணியின் மையமாக வைத்தது. ஷிப்ட் மாறும் அவசரத்தில் அதற்கெல்லாம் நேரமேது என்று நர்ஸுகள் கேட்டால் நியாயம்தான். நீண்ட உரையாடல் வேண்டாம், வரிசை மாறினால் போதும்: முதலில் பாட்டி, அப்புறம் மகள். டிஸ்சார்ஜ் அன்றைக்கும் அப்படியே. “புரிஞ்சுதா?” என்றால் மொத்தக் குடும்பமும் தலையாட்டும். “எந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாடி போடுவீங்க, சொல்லுங்க பாட்டி” என்று கேட்டால் தலையாட்டித் தப்பிக்க முடியாது.