50 மில்லிமீட்டர் உயர்வின் நுட்பம்

ஆஸ்திரேலியப் பாலைத் தடங்களில் பெயர்பெற்ற டொயோட்டா லேண்ட் க்ரூஸர் 80 வரிசை வண்டி, முன்னும் பின்னும் ஒரே தண்டாலான அச்சுகளையும் சுருள்வில்களையும் கொண்டிருப்பதால், சஸ்பென்ஷனை உயர்த்தும் கலைக்குச் சிறந்த பாடமாகும். வழக்கமான 50 மி.மீ. உயர்வுக்கு வில்லைத் தேர்வோர், அதன் நீளத்தோடு விறைப்பையும், அதாவது குறிப்பிட்ட அளவு அமுங்க அது கேட்கும் எடையையும், வின்ச், கூடுதல் டீசல் டேங்க் முதலிய நிரந்தரச் சுமைகளைக் கணக்கிட்டே முடிவு செய்கின்றனர். வண்டி உயரும்போது முன் அச்சு சற்றே சுழல்வதால், காஸ்டர் எனப்படும் திருப்பு அச்சின் பின்சாய்வு குறைந்து, ஸ்டீயரிங் தானே நேர்நிலைக்குத் திரும்பும் இயல்பு தளர்கிறது. அதனைத் திருத்தும் புஷ்களும், பக்கவாட்டில் விலகிய அச்சை நடுவுக்குக் கொணரும், நீளம் மாற்றத்தக்க பான்ஹார்டு தண்டும் பொருத்தப்பட்ட பின்னரே வேலை நிறைவுறுகிறது. உயரத்தைக் கூட்டியும் ஓட்டத்தின் நிதானம் குலையாமல் காக்கும் இத்திருத்தங்களே இக்கைவினையின் மெய்யான அழகாகும்.